பஷீர் பாயின் ஆடு மேய்ந்த தொட்டி

சாலமன்,

உங்கம்மாவின் ஸ்நோ டப்பாவை எடுத்தது நான்தான். திருடியதில்கூட எனக்குப் பெரிய வெட்கம் இல்லை. பழி உன்மேல் விழுந்தபோது பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு ஏதோ நாட்டு நடப்பில் மூழ்கியவன்போல் உட்கார்ந்திருந்தேனே, அதில்தான் இருக்கிறது. மீசைக்கு முன்னோட்டமாக உனக்கு அப்போதுதான் பரு வந்திருந்தது. "அவன்தான் எடுத்திருப்பான். ஹெட்மாஸ்டர் பொண்ணு கோயில்ல முன்பெஞ்சுக்கு வந்ததுலேர்ந்து இவன் தல வார்றது ஜாஸ்தியாயிடுச்சு" என்றாள் உங்கம்மா. நீ இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. மறுத்துப் பேசும் பழக்கமே உனக்கு அப்போது கிடையாது. நான் ஸ்நோவை முகத்தில் பூசிக்கொண்டேனோ என்று சந்தேகப்படாதே. இந்த முகத்துக்கு ஸ்நோ பூசுவது எருமைக்கு ரிப்பன் கட்டுவது மாதிரி. ஒரு கொத்தவரைச் செடியின் தலையில் பூசினேன். சரியாகச் சொன்னால், தலை இருந்த இடத்தில்.

அந்தச் செடியைப் பற்றி நீ போன ஞாயிறு பேசாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. கோயில் விட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தோம். உன் கம்பெனியில் உன்னை ஜெர்மனிக்கு அனுப்பப்போகிறார்கள், அங்கே ஷூவுக்கு அட்டையில் பேட்டர்ன் வெட்டுகிற வித்தையைக் கற்றுக்கொண்டு வரவேண்டும் என்ற சேதியை ஆம்பூர் பூராவும் நான் தண்டோரா போட்டு முடித்திருந்தேன். ரயிலில் டிக்கெட் பரிசோதகர்கூட என்னைப் பார்த்தால் வேறு பெட்டிக்குப் போய்விடுகிறார். நீ ரசம் சாதத்தைப் பிசைந்தபடியே, "நான் போகலப்பா" என்றாய். நான் வழக்கம்போல, "ஏன்டா, குளிருக்குப் பயமா? உங்கம்மா ஸ்வெட்டருக்குக் கம்பளி நூலே வாங்கிட்டு வந்துட்டா" என்றேன். நீ சிரிக்கவில்லை. "அண்ணன் இருந்திருந்தா நான் இன்னும் கட்டிலுக்கு அடியிலதான் இருந்திருப்பேன். நீங்கதானேப்பா தொட்டிய காமிச்சு சொன்னீங்க? நுனி போனாத்தான் பக்கத்து மொட்டு எழுந்திரிக்கும்னு. அவன் செத்ததுல எனக்குப் படிப்பு வந்துச்சு. வேலை வந்துச்சு. இப்போ ஜெர்மனியும் வேணுமா? போதும்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனாய்.

என் வாயில் அடுத்த ஜோக் தயாராக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அதை மென்று விழுங்கினேன். உங்கம்மா கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம், 'அன்னைக்கே சொன்னேனா இல்லையா?' என்பது. சொன்னாள். அதற்கும் வருகிறேன். உன் மேனேஜர் இந்த வாரத்துக்குள் பதில் கேட்டிருக்கிறார். நேரில் பேசினால் நான் நடுவில் எங்காவது வேடிக்கைக்குத் தாவிவிடுவேன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். உன் டிபன் பையில் இதை வைத்தது உங்கம்மா. எழுத்துப் பிழை பார்த்ததும் அவள்தான். ஆகவே இதில் இருக்கும் பொய்களுக்கு மட்டும்தான் நான் பொறுப்பு.

முதலில் செடி. நீ தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே கேட்டு அலுத்த பாடம்தான். வாணியம்பாடி காலேஜில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டராக, அதாவது லெக்சரருக்குக் கீழே, பியூனுக்குக் கொஞ்சம் மேலே, ஆனால் சாவிக்கொத்து பியூனிடம் என்கிற பதவியில், வருஷா வருஷம் நான் பையன்களுக்கு ஒப்பித்தது இது. செடியின் உச்சியில் ஒரு மொட்டு. கீழே இலைக்கும் தண்டுக்கும் நடுவில், கக்கத்தில் குழந்தையை இடுக்கியதுபோல, ஒவ்வொரு கணுவிலும் ஒரு சின்ன மொட்டு. சின்ன மொட்டுக்கு உயிர் இருக்கிறது, திராணி இருக்கிறது, ஆனால் அசையாது. காரணம் உச்சியில் இருக்கிறவர். அவர் ஆக்ஸின் என்று ஒரு சரக்கை உற்பத்தி பண்ணித் தண்டு வழியாகக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கிறார். போகிற வழியில் ஒவ்வொரு சின்ன மொட்டுக்கும் அது சொல்வது ஒன்றே ஒன்று: பொறு. வேரிலிருந்து இன்னொரு சரக்கு மேலே ஏறுகிறது, சைட்டோகைனின். அது சொல்வது: எழுந்திரு. மேலேயிருந்து வரும் குரல் பலமாக இருக்கிறவரைக்கும் கீழேயிருந்து வரும் குரல் எடுபடாது. உச்சியைக் கிள்ளிவிடு, மேலே சத்தம் நின்றுபோகும். அப்புறம் கணுவுக்குக் கணு கிளை. தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டைக்காக மலையடிவாரத்தில் ஆவாரையை வெட்டி வெட்டிக் கட்டு கட்டிக்கொண்டு வருகிறார்களே, அடுத்த மழைக்கு அது வெட்டின இடத்துக்குக் கீழே புதர் மாதிரி எழுந்து நிற்கும். நம் ஊரின் தோல் மண்டிகள் முக்கால்வாசி அந்தத் தலை போன செடிகளின் பிடிவாதத்தில் வளர்ந்தவைதான்.

இனி நம் வீடு. நம் வீட்டில் உச்சி, உங்கண்ணன் தேவா. வெளிச்சம் விழுகிற ஒரே ஜன்னல் பக்கம் அவன் மேஜை. கைப்பிடி வைத்த ஒரே நாற்காலி அவனுக்கு. முட்டை அவனுக்கு, முட்டை வேகவைத்த தண்ணீர் ஆறினதும் உன் முகம் கழுவ. சட்டை அவனுக்குப் புதுசு, உனக்கு அவனுடையது. அவன் பாடம் படிக்கும்போது ரேடியோ கிடையாது, சண்டை கிடையாது, தாளிக்கிற சத்தம்கூடக் கம்மியாகத்தான் வரவேண்டும். அவன் கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டில் 'பொறு' என்று சொன்னது அவன் இல்லை. அவன் வாயால் உன்னிடம் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னது நானும் உங்கம்மாவும். வருகிறவர்களிடமெல்லாம் நான் உன்னைக் காட்டி, "இவன் ரெண்டாவது எடிஷன், அச்சுப்பிழை ஜாஸ்தி" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். நீ கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாய்.

கட்டிலுக்கு அடியில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று நான் குனிந்து பார்த்ததே இல்லை. தேவா பார்த்தான். ஒரு நாள் காலேஜிலிருந்து நான் களைத்து வந்து சட்டையைக் கழற்றுகிறேன், அவன் உள்ளங்கையில் எதையோ தூக்கிக்கொண்டு வந்தான். கல்யாணப் பத்திரிகை அட்டையில் செய்த ஒரு குட்டி ஷூ. நாக்கு இருந்தது, கயிறு கோர்க்கிற ஓட்டை இருந்தது, குதிகால் வளைந்து உட்கார்ந்திருந்தது. "அப்பா, இவன் கையப் பாருங்க. ஒரு வெட்டு கோணலா போகல" என்றான். நான், "மார்க் பூரா கோணல், இது மட்டும் நேராக்கும்" என்றேன். உங்கம்மா சிரித்தாள். நீயும் சிரித்தாய் என்றுதான் ஞாபகம். தேவா சிரிக்கவில்லை. அந்த ஷூவை எடுத்துப்போய்த் தன் மேஜையில் மைக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். அவன் போன பிறகு அந்த மேஜையை ஒழித்தபோது அது அங்கேதான் இருந்தது. நான் எடுத்து எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அவன் போனதைப் பற்றி நாம் மூன்று பேரும் பேசியதில்லை. அதனால் ஒரு தடவை எழுதிவிடுகிறேன், நீ பிறகு கேட்கவே வேண்டாம். எமர்ஜென்சி முடிந்து தேர்தல் வந்துபோன வருஷம். ஐப்பசி மழை. அவன் பியூசி. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. காலையில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்து, "தலை வலிக்குதுப்பா, உடம்பு சுடுது" என்றான். நான் தொட்டுப் பார்த்துவிட்டு, "பிசிக்ஸ் பேப்பருக்கு இவ்ளோ நல்ல காய்ச்சல் நான் பார்த்ததே இல்லடா. வாத்தியாருக்கும் கொஞ்சம் குடு" என்றேன். அவன் சிரித்தான். நல்ல பிள்ளை, அந்த வலியிலும் அப்பன் ஜோக்குக்குச் சிரித்தான். நான் ரயிலைப் பிடிக்கப் போய்விட்டேன். உங்கம்மா அன்றைக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் பகல் டூட்டி. சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அவன் கழுத்து விறைத்து, யாரையும் அடையாளம் தெரியாமல் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நீ, ஈரத்துணியை அவன் நெற்றியில் போடுவதும் எடுப்பதுமாக. பக்கத்து வீட்டு பஷீர் பாய்தான் தன் முதலாளியிடம் ஓடி, மண்டிக் காரை வாங்கிக்கொண்டு வந்தார். தோல் வாசனை அடிக்கிற அந்தக் காரின் பின்சீட்டில் அவனைப் படுக்க வைத்து வேலூருக்குக் கொண்டுபோனோம். மூளைக் காய்ச்சல், கொசுவால் வருவது என்றார்கள். அந்த வார்டில் அந்த மழைக்கு அவனைப் போல நிறையப் பிள்ளைகள். உங்கம்மா யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் கட்டில் பக்கத்திலேயே நின்றாள். பார்த்தவர்கள் டூட்டி நர்ஸ் என்றே நினைத்தார்கள். டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழவில்லை. படுக்கை விரிப்பில் சுருக்கமே இல்லை, ஆனாலும் நீவிக்கொண்டே இருந்தாள்.

ஊரில் என்னைப் போல வாய்ப்பேச்சுக்காரன் அழுதால் பார்க்கிறவர்களுக்கே சங்கடமாகிவிடுகிறது. துக்கம் கேட்க வந்தவர்களை நான்தான் சிரிக்கவைத்து அனுப்பினேன். உங்கம்மா வேலைக்குப் போகவில்லை. லீவை நீட்டி, மறுபடி நீட்டி, சம்பளமில்லா லீவாக்கி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பனைக்கும் தென்னைக்கும் ஒரே ஒரு குருத்து. அந்தக் குருத்து போனால் மரம் போயிற்று. கணுவில் தூங்குகிற மொட்டெல்லாம் அந்த ஜாதிக்குக் கிடையாது, விதையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. இவள் பனை என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு வந்த நாளில்தான் கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று சந்தையில் கொத்தவரை விதை வாங்கிவந்தேன். "சார், இது ஒத்தத் தண்டு. குச்சி மாதிரி நேரா போவும். பக்கத்துல ஒரு கிளை வந்துச்சுன்னா என் மூஞ்சில துப்பு" என்று விதைக்காரன் சத்தியம் பண்ணினான். இரண்டு தொட்டி. முழங்கால் உயரம் வந்ததும் ஒன்றின் உச்சியைக் கிள்ளினேன். இன்னொன்றை அப்படியே விட்டேன். கிள்ளின இடம் காய்ந்து போகாமல் மேலே பூச ஏதாவது பசை வேண்டும். சுவர்ப் பிறையில் உங்கம்மாவின் ஸ்நோ டப்பா, மாசக்கணக்கில் யாரும் தொடாமல், மூடிமேல் தூசி படிந்து கிடந்தது. இனி யார் அதைத் தேடப்போகிறார்கள் என்றுதான் எடுத்தேன்.

மறுவாரமே தேடினாள். அன்றைக்கு வேலைக்குப் போவதென்று யாரிடமும் சொல்லாமல் முடிவு பண்ணி, குளித்து, யூனிபாரம் உடுத்தி, கண்ணாடி முன்னால் நின்று, கையை நீட்டினால் டப்பா இல்லை. அப்போது உன்னைத் திட்டினாளே, அந்த ஹெட்மாஸ்டர் பெண் விஷயம், அதுதான் தேவா போன பிறகு இந்த வீட்டில் விழுந்த முதல் திட்டு. பேப்பருக்குப் பின்னால் நான் மறைந்தது பயத்தில் மட்டும் இல்லை, சாலமன். அவள் குரல் உயர்ந்ததைக் கேட்டு என் முகம் போன போக்கை நீங்கள் இரண்டு பேரும் பார்க்க வேண்டாம் என்றுதான். நான் வாயைத் திறந்தால் அந்தத் திட்டு நின்றுவிடும். பழியை நீயே சுமக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு உன் கால் பரீட்சை. பாஸ் ஆனாலே ஸ்தோத்திரம் சொல்கிற கேஸ் நீ. வகுப்பிலேயே முதலாவதாக வந்திருந்தாய். எனக்கு அது தெரிந்ததே உன் வாத்தியாரைக் கடைத்தெருவில் பார்த்தபோதுதான். லட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் நீ இல்லை. கொல்லையில் கோழிக்கூண்டுக்குப் பின்னால் சுருண்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாய். "இன்னாடா, பஸ்ட் வந்ததுக்கு எவனாவது அடிச்சானா?" என்றேன். நீ விக்கிக்கொண்டே, "அண்ணன் புக்கைத்தான்ப்பா படிச்சேன். அண்ணன் டேபிள்லதான் படிச்சேன். அவன் இருந்தா எனக்கு வந்திருக்குமா?" என்றாய். வேறொரு அப்பனாக இருந்தால் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கூடவே அழுதிருப்பான். அதற்குப் படிப்பு வேண்டாம். நான் படித்தவன். உன் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தொட்டி முன்னால் நிறுத்தினேன்.

தலை கிள்ளின அந்தச் செடி அன்றைக்குக் கணுவுக்குக் கணு தளிர்விட்டு, பார்க்கப் பார்க்க ஆசையாக நின்றது. "பாரு. மேல இருந்தது போச்சு. அது யார் தப்பும் இல்ல. அது போனதும் கீழ தூங்கிட்டு இருந்தது எழுந்திரிச்சிச்சு. அதுவும் யார் தப்பும் இல்ல. இந்தக் கிளைய யாராவது திருடன்னு சொல்வாங்களா?" என்றேன். பாடம் நன்றாகத்தான் இருந்தது. நீயும் அழுகையை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தாய். ஆனால் நீ என் மகனாயிற்றே, "அந்தத் தொட்டி ஏன்ப்பா காலியா இருக்குது?" என்று கேட்டாய். "அது கிள்ளாத செடிடா. குச்சியாட்டம் நேரா நின்னுச்சு, ஒரு கிளை இல்ல. பாய் வீட்டு ஆடு மேய்ஞ்சுடுச்சு" என்றேன்.

நம் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் அது எங்கே போய் நிற்கும் என்று உனக்குத் தெரியாதா? நீ உங்கம்மாவிடம் சொன்னாய், அவள் பாயம்மாவிடம் சொன்னாள், சாயங்காலம் பஷீர் பாய் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். "சார், மன்னிச்சிக்கங்க. காலேஜ் செடியாமே, பாயம்மா சொன்னா. வாயில்லா ஜென்மம், அதுக்கு இன்னா தெரியும்? கயித்த அறுத்துக்கினு வந்துட்ச்சி போல. இனிமே சங்கிலி போட்டுக் கட்டிடறேன்" என்றார். சங்கிலியும் போட்டார். பக்ரீத் வரைக்கும் அந்த ஆடு சங்கிலியோடு சுவர் மேலே கழுத்தை நீட்டி நீட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்ரீத் அன்றைக்கு, செடி நஷ்டத்துக்கும் சேர்த்து என்று சொல்லித் தூக்கு நிறைய பிரியாணி வந்தது, அதே ஆடு. ஆம்பூர்க்காரன், பிரியாணிக்கு மூக்கை விற்றவன், நான் அன்றைக்கு ஒரு வாய் வைக்க முடியாமல் இலையை மடித்தேன். பெரியவன் நினைப்பு வந்துவிட்டது என்று உங்கம்மா என் இலையை எடுத்துக்கொண்டு போனாள்.

தொட்டிப் பாடம் நடந்த அன்றிரவே அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள் என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். இல்லை, மறுநாள் பட்டப்பகலில், கொடியில் துணி போட்டுக்கொண்டே கேட்டாள். "சின்னவன்கிட்ட இன்னா சொன்னீங்க?" சொன்னேன். அவள் துணியை உதறுவதை நிறுத்தினாள். "அப்ப பெரியவன் போனது இவன் நல்லதுக்குன்றீங்களா?" என்றாள். "நான் அப்படிச் சொல்லல..." என்று இழுத்தேன். "வேற எப்படிச் சொன்னீங்க? செடிக்கு வாத்தியாரா இருங்க, வேணாம்னு சொல்லல. புள்ளைக்கு அப்பனா இருங்க. இதை அவன் ஒரு நாள் உங்க மூஞ்சிலயே திருப்பிப் போடுவான், பாத்துக்கங்க." நாள் குறித்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். போன ஞாயிறு, ரசம் சாதத்தோடு வந்தது.

அவள் சொன்னது சரி. நான் அப்படித்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போது எனக்கு ஓரளவு புரிகிறது. பதினேழு வயசுப் பிள்ளை, மீசையை அப்பன் ரேஸரால் திருட்டுத்தனமாக மழித்துக்கொண்டிருந்த பிள்ளை, ஒரு கொசுக்கடியில் ஒன்றுமில்லாமல் போனான். அந்த 'ஒன்றுமில்லாமல்' என்கிற வார்த்தையோடு என்னால் இருக்க முடியவில்லை. அவன் போனதால் எங்கேயோ ஏதோ துளிர்த்தது என்று இருந்தால் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. உன்னுடைய ஒவ்வொரு மார்க்கையும் நான் அந்தக் கணக்கில்தான் எழுதிக்கொண்டேன். நீ தோல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாய். பேட்டர்ன் ரூமில் உன் கத்தியைப் பார்த்து மேஸ்திரி அசந்து போனதாகச் சொன்னார்கள். ஜெர்மனிக்காரர் வந்து நீ வெட்டின அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தப் பையனை அனுப்புங்கள் என்று கேட்டாராம். ஒவ்வொரு சேதிக்கும் நான் ஊரெல்லாம் பெருமையடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து தேவா போட்டோவுக்கு முன்னால் நின்று, 'பார்த்தியாடா, வீண் போகல' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீ ஏதோ ஒரு தடவை அதைக் கேட்டிருக்க வேண்டும். இத்தனை வருஷம் நீ அந்தக் கைப்பிடி நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை என்பதும், டிரங்குப் பெட்டியை இழுத்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாய் என்பதும் போன ஞாயிறு நீ எழுந்து போன பிறகுதான் என் கண்ணில் பட்டது. தினமும் உன் எதிரில் உட்கார்ந்து தின்கிறவன் நான்.

எனவே, போ. இதுதான் நான் சொல்ல வந்தது. கிளை உச்சியிடமிருந்து எதையும் பிடுங்குவதில்லை. வேர் தருகிறது, அது வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான் என் விஞ்ஞானம். அது உனக்குப் போதவில்லை என்றால், உன் கையைப் பார்த்து ஆச்சரியப்பட்ட முதல் ஆள் உங்கண்ணன் என்பதை நினைத்துக்கொண்டு போ. உங்கம்மா பனை என்று நினைத்தேன். அவள் அந்த யூனிபாரத்தை மறுபடி உடுத்தி, அதே வேலூருக்கு, அதே ஆஸ்பத்திரிக்குப் போய், இன்னொருவர் பிள்ளைகளுக்கு விரிப்பை நீவிக்கொண்டிருக்கிறாள். என் தாவரவியல் எத்தனை தூரம் செல்லும் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். அங்கே குளிராக இருக்குமாம். ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறாள், ஒரு கை நீளம் ஒரு கை குட்டை, வாயைத் திறக்காமல் போட்டுக்கொள். ஊறுகாயைத் துணி மூட்டைக்குள் வைக்காதே. யாராவது உன் அப்பா என்ன வேலை என்று கேட்டால் புரொபசர் என்று சொல்லிவிடு, அங்கே வந்து யார் பார்க்கப்போகிறார்கள்? கிளம்புவதற்கு முன்னால் ஒரே ஒரு வேளை, அந்த நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ. நான் பேச மாட்டேன். ஜோக் அடிக்க மாட்டேன். உங்கம்மாவிடம் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். இதை அவளிடம்கூடச் சொன்னதில்லை. இந்தப் பகுதியை அவள் பிழை பார்த்து முடித்த பிறகுதான் சேர்க்கிறேன். பஷீர் பாயின் ஆடு அந்தத் தொட்டியை மேயவில்லை. அது கயிற்றை அறுக்கவும் இல்லை. நீ கோழிக்கூண்டுக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்ததுமே எதற்கென்று எனக்குப் புரிந்துவிட்டது, உன்னிடம் வருவதற்கு முன்னால் நான்தான் போய் அந்தச் செடியை வேரோடு பிடுங்கிச் சுவருக்கு அப்பால் எறிந்தேன். விதைக்காரன் ரகத்தை மாற்றிக் கொடுத்திருந்தான். கிள்ளாத செடி அது. நுனி மேலே பச்சையாக அப்படியே இருந்தது. கீழே, ஒவ்வொரு கணுவிலும், கிளையும் இருந்தது.

அப்பா